காகிதத்தில் ஓடிய இரயில்

பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டுச் சென்றவர்கள் கோடிக்கணக்கானோர். அவர்களுள் எத்தனை பேரின் நெஞ்சக் குமுறலை உலகம் கேட்டது? கேட்பார் இல்லாதபோதும் தன் கதையைக் கோடுகளால் சொல்லிச் சென்ற கூலித் தொழிலாளி ஒருவர் உண்டு. அவர்தான் மார்ட்டின் ரமிரெஸ்.

மெக்சிகோ நாட்டின் ஹாலிஸ்கோ மாநிலத்தில் 1895ஆம் ஆண்டு எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். குதிரையேற்றத்தில் வல்லவர். மணமாகிக் குழந்தைகள் பிறந்தபின் கடனுக்கு நிலம் வாங்கினார். அந்தக் கடனை அடைக்கவே 1925இல் எல்லை கடந்து கலிபோர்னியா சென்றார். இரயில் பாதையிலும் சுரங்கத்திலும் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார். அவர் புறப்பட்டபின் ஊரில் மகன் பிறந்தான். அந்த முகத்தை அவர் கண்டதே இல்லை!

1926இல் மெக்சிகோ அரசுக்கும் கத்தோலிக்க உழவர்களுக்கும் இடையே போர் மூண்டது. அவரது வீடும் உடைமையும் அழிந்தன. ஊரிலிருந்து வந்த கடிதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, மனைவி அரசுப் படையில் சேர்ந்துவிட்டாள் என்று நம்பி மனமுடைந்தார். அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தம் வேலையையும் பறித்தது. 1931இல் காவலர்கள் அவரைப் பிடித்து மனநோய் மருத்துவமனையில் சேர்த்தனர். ஆங்கிலம் அறியாத அவருக்கு மனச்சிதைவு என்று முடிவு கட்டினர். எஞ்சிய வாழ்நாள் மனநோய் மருத்துவமனைகளிலேயே கழிந்தது.

ஆனால் கைகள் ஓயவில்லை. கிடைத்த காகிதத் துண்டுகளை எல்லாம் தாமே செய்த பசையால் ஒட்டினார். தீக்குச்சியால் வண்ணம் தீட்டினார். குதிரைவீரர்களும், மாதாவும், மான்களும் பிறந்தனர். சுரங்கப் பாதைக்குள் நுழைந்தும் வெளிவந்தும் இரயில்கள் ஓயாது ஓடின. தாம் வியர்வை சிந்திய பாதையையும் விட்டுவந்த ஊரையும் ஒரே தாளில் இணைத்தார் அவர். டார்மோ பாஸ்தோ என்ற உளவியல் பேராசிரியர் அந்த ஓவியங்களைக் குப்பைக்குப் போகாமல் காத்தார்.

1952இல் உறவினர் ஒருவர் தேடி வந்து பார்த்தார். எனினும் ரமிரெஸ் ஊர் திரும்ப இசையவில்லை. 1963இல் மருத்துவமனையிலேயே கண்மூடினார்.

2007இல் நியூயார்க் நகரில் அவரது ஓவியங்களுக்குப் பெருங்கண்காட்சி நடந்தது. 2015இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. ஒரு கடிதத்தால் குடும்பத்தை இழந்தவரின் ஓவியம் பிறர் கடிதங்களைச் சுமந்து சென்றது!

நண்பர்களே, பட்டம் பெற்று நாளை நாம் அலுவலகங்களில் அமரலாம். நம் மொழி அறியாத கூலி ஒருவர் அங்கே வாய் பேசாது நிற்கலாம். அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்.