பெயர் மறைத்த ஓவியர்

திரைப்படங் காண்போர் நடிப்பவரை அறிவர். அந்நடிகர் நிற்குந் தெருவை அமைத்தவரை அறிவார் அரியர். அத்தகைய கலை இயக்குநருள் ஒருவர் அலெக்சாந்தர் திரௌனர். 1906-ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்டில் யூதர் குலத்திற் பிறந்து ஓவியம் பயின்றார். ஆங்கு யூதர்பால் மூண்ட பகைமையால் 1929-இல் பாரிசு சேர்ந்தார். 1938-இல் 'வடக்கு விடுதி' என்னும் படத்திற்காக, அந்நகரக் கால்வாயொன்றையுங் கரையையும் வேறோரிடத்தில் அவ்வண்ணமே எழுப்பினார்.

1940-இல் செர்மானியர் பிரான்சைக் கைப்பற்றினர். யூதர் திரைத்தொழில் புரிதல் விலக்கப்பட்டது. திரௌனர் தென்பிரான்சின் மலையூரொன்றில் மறைந்து வாழ்ந்தார். கவிஞர் பிரேவேர் முதலிய நண்பர் காத்தனர். பிரேவேர் எழுதிக் கார்னே இயக்கிய 'சொர்க்கத்தின் பிள்ளைகள்' படத்திற்கு மறைவிலிருந்தே சித்திரம் வரைந்தளித்தார். பர்சாக் என்பார் வெளிப்பட நின்று வேலை நடத்த, நீசு நகரில் நூறாண்டுக்கு முற்பட்ட பாரிசுப் பெருவீதி எழுந்தது. திரௌனர் பெயர் வெளிப்படின் உயிர்க்கே கேடு. பெயர் வாராதென அறிந்தும் இத்துணை நுணுக்கமாய் உழைத்தமையே எமக்கு வியப்பு! 1945-இல் படம் வெளிவருமுன் பாரிசு விடுதலையுற்றது. ஆதலின், மறைந்திருந்து உதவினார் என்னுங் குறிப்போடு அவர் பெயருந் திரையிற் றோன்றிற்று.

பின்னர் அமெரிக்கப் படமாகிய 'அப்பார்ட்மெண்ட்'டுக்கு (1960) எல்லையற்றதெனத் தோன்றும் அலுவலகம் அமைத்தார். மேசைகளை வரவரச் சிறிதாக்கி, கடைவரிசையில் உருவிற் சிறியாரை அமர்த்தினார், அவ்வளவே தந்திரம்! அதற்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. 1993-இல் நார்மண்டியில் மறைந்தார். பிரேவேர் துயிலும் சிற்றூர் இடுகாட்டிலேயே அவரும் அடக்கஞ் செய்யப்பெற்றார்.