ஓமக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடம்

சிதம்பரம் என்றால் மதுரைக்காரர்களுக்கு நடராசர் கோயில் நினைவுக்கு வரும். படித்தவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். அதே ஊரில் ஓமக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடம் நூறாண்டைக் கடந்து நடந்துகொண்டிருக்கிறது. பல்கலைக்கழகம் தொடங்கியது 1929-ல். இந்தப் பள்ளி அதற்கு 13 ஆண்டுகள் மூத்தது. தொடங்கியபோது 25 பிள்ளைகள். எல்லாரும் சேரிப் பிள்ளைகள். அதைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தாவும் சேரியில் பிறந்தவர்தான்.

தென் மாவட்டங்களில் அவர் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை. நமக்குக் கக்கனைத் தெரியும், இமானுவேல் சேகரனைத் தெரியும், 1939 ஆலய நுழைவைத் தெரியும். வடக்கே தென்னார்க்காட்டில் ஒரு காவி உடைக்காரர் அரை நூற்றாண்டு காலம் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த கதை இங்கே வந்து சேரவில்லை.

1890 ஜனவரி 27 அன்று ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் அண்ணாமலை, அலமேலு தம்பதிக்குப் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. ஊரில் மிஷன் பள்ளியில் தொடக்கக் கல்வி. பிறகு திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளி, விடுதி வாசம். படிப்பில் கெட்டிக்காரன் என்பதால் சிகாமணி என்று அங்கே பெயர் மாற்றிக் கூப்பிட்டார்கள். மதம் மாறச் சொன்னபோது பையன் மறுத்துவிட்டான். அதுவரை போட்ட சோற்றுக்குக் காசு கேட்டார்கள். படிப்பு அங்கேயே நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அன்றைக்கு ஒரு பறையர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து என்பது பெரும்பாலும் மிஷன் பள்ளி வழியாகத்தான் வந்தது. மிஷனரிகள் செய்த காரியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் நம்மில் பல குடும்பங்களுக்கு முதல் தலைமுறைப் படிப்பே கிடையாது. ஆனால், பள்ளிக்கூடம் இன்னொருவர் கையில் இருந்தால் உள்ளே இருப்பதற்கான நிபந்தனையும் அவர் கையில்தான் இருக்கும். முனுசாமிக்கு அது பத்துப் பன்னிரண்டு வயதுக்குச் சற்று மேலே விளங்கிவிட்டது.

தகப்பனார் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தார். பையனும் அங்கே போனான். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பண்ணை வேலையை உதறிவிட்டுச் சுரங்கத்துக்குப் போனவர்கள் கட்டிய ஊர் அது. கூலி காசாகக் கைக்கு வந்ததால் சங்கம் வைக்கவும், பத்திரிகை வாங்கிப் படிக்கவும், பஜனை மடம் கட்டவும் அங்கே முடிந்தது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கும் தங்கவயலில் கிளை இருந்தது. முனுசாமி போனது வேறு வழி. துறவிகளின் பழக்கம் ஏற்பட்டு, சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் வந்து சேர்ந்தார். தமிழும் வேதாந்தமும் கற்றார். சகஜானந்தர் என்ற பெயர் அங்கே கிடைத்தது. 1910-ல் சிதம்பரம் வந்தபோது வயது இருபது.

ஓமக்குளம் அவர் தற்செயலாகப் போய்ச் சேர்ந்த இடமல்ல. ஆதனூர் நந்தன் தீயில் இறங்கிய இடம் என்று மரபாகச் சொல்லப்படும் இடம் அது. கோயிலுக்குள் போக ஆசைப்பட்ட புலையரை நெருப்பில் இறக்கிப் புனிதமாக்கி உள்ளே அனுப்பிய கதையைப் பெரியபுராணம் பக்தியாகச் சொல்லும். கோபாலகிருஷ்ண பாரதி பாடிய கீர்த்தனையில் பண்ணையார் வேதியரும் வந்து சேர்ந்தார். நமக்கு அது எரிந்துபோன ஒரு மனிதனின் கதை. அந்த இடத்தில் அந்த மனிதனின் பெயரால் மடம் அமைத்தார் சகஜானந்தா. 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தை ஏற்படுத்திப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். தீட்சிதர்களின் ஊரில், கோயில் கோபுரம் தெரிகிற தூரத்தில், நந்தன் பெயர்ப் பலகையோடு சேரிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இதைச் சைவப் பக்தி என்று மட்டும் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் நடத்துவது என்றால் என்ன என்று இன்று பலருக்குத் தெரியாது. 1893-ல் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்காக ஓர் ஆணை போட்டது. பஞ்சமர் பள்ளிகளுக்குச் சலுகை மானியம் உண்டு என்று வந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் காலம் அது. பஞ்சமி நிலமும் அந்த அறிக்கையைத் தொட்டுத்தான் வந்தது. மானியம் உண்டுதான். ஆனால், கேட்பவர் முதலில் கட்டடம் காட்ட வேண்டும், பயிற்சி பெற்ற ஆசிரியரைக் காட்ட வேண்டும், சம்பளம் கொடுத்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும், வருகைப் பதிவேடு காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுத வேண்டும். பணம் அதன் பிறகு. மிஷனிடம் முதலீடு இருந்தது, ஜமீன்தாரிடம் இருந்தது. ஓட்டாண்டிச் சாமியாரிடம் என்ன இருக்கும்?

வருகைப் பதிவேடுதான் இன்னும் பெரிய தலைவலி. சிதம்பரம் தாலுகா நெல் விளையும் பூமி. நடவு வந்தால், அறுப்பு வந்தால், மாடு மேய்க்க ஆள் இல்லை என்றால் பண்ணையாளின் பிள்ளை மிராசுதார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பிள்ளையைப் படிக்க அனுப்பினால் அப்பனுக்குப் படி அளப்பது நிற்கும். அதனால்தான் ஓமக்குளத்தில் பள்ளியோடு விடுதியும் சோறும் சேர்ந்தே இருந்தன. தங்கிப் படிக்கிற பிள்ளையைப் பண்ணையார் கூப்பிட முடியாது. விடுதி இல்லாமல் அந்தப் பள்ளி ஐந்தாண்டு தாங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

பணத்துக்கு அவர் கையேந்தினார். சைவ வேளாளப் பெரியவர்கள் சிலர் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எதிர்பார்த்த ஒழுங்கும் இருந்தது. புலால் கூடாது, கள் கூடாது, திருநீறு, தேவாரம். இந்தக் கட்டாயத்தை அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வி வரலாற்றைப் படித்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். புக்கர் டி. வாஷிங்டன் 1881-ல் அலபாமாவில் டஸ்கீகி பள்ளியை ஏற்றார். வெள்ளைப் பணக்காரர்களின் நன்கொடையில் அதை வளர்த்தார். தருபவர்களுக்குப் பிடித்ததையே பேசுகிறார் என்று டூபாய்ஸ் அவரைக் கடுமையாக விமர்சித்தார். விமர்சனம் நியாயமானது, டஸ்கீகியில் படித்து வெளியே வந்தவர்களும் நிஜமானவர்கள். சகஜானந்தாவின் பள்ளிக்கும் இரண்டும் பொருந்தும்.

1919-ல் அரசாங்கம் இன்னோர் ஆணை போட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் சாதியைக் காட்டி எந்தப் பிள்ளையையும் தடுக்கக் கூடாது. அக்கிரகாரத்திலும் கோயில் இடத்திலும் இருக்கும் பள்ளிகளை எல்லாரும் வந்துபோகும் இடத்துக்கு மாற்ற வேண்டும். 1920-ல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. தாலுகா போர்டுகள் கல்வி வரி போடலாம், கட்டாயக் கல்வி கொண்டுவரலாம். காகிதத்தில் எல்லாம் சரி. தாலுகா போர்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? நிலம் வைத்திருந்தவர்கள். சேரிப் பிள்ளை உள்ளே வந்தால் தங்கள் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப்போனவர்கள். அதனால் லேபர் டிபார்ட்மென்ட் என்ற பெயரில் ஒரு துறை வந்து, தாழ்த்தப்பட்டோருக்குத் தனிப் பள்ளிகளைத் திறக்க ஆரம்பித்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. நம் மதுரைச் சீமையில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அதே காலத்துக் காரியம்தான். பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது 1920 ஏப்ரலில்.

ஆக, ஓமக்குளத்துப் பள்ளி பிறந்து நான்கைந்து ஆண்டுக்குள் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது. பொதுப் பள்ளியில் சேர உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. அரசாங்கமே தனிப் பள்ளியும் திறக்கிறது. அப்படியானால் சேரியிலிருந்து வந்த ஒருவர் நடத்தும் தனியார் பள்ளி எதற்கு? சகஜானந்தா பள்ளியை விடவில்லை. தொடக்கப் பள்ளி மேலே மேலே வளர்ந்து உயர்நிலைப் பள்ளியானது. லேபர் பள்ளிகள் பெரும்பாலும் கீழ் வகுப்போடு நின்றபோது, அதற்கு மேலே படிக்க வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஓமக்குளம் இருந்தது.

மானியம் கேட்டு வாசலில் நின்றவர் 1926-ல் உள்ளே போனார். சென்னை சட்டமன்றக் கவுன்சிலில் 1932 வரை உறுப்பினர். பின்னர் காங்கிரஸ் சார்பில் சட்டமன்றத்துக்கு வந்தார். அங்கே அவர் பேசியவை பின்னாளில் நூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன. வேதாந்தத்தைத் தேடிப் படிப்பவர் ஏமாந்துபோவார். வீட்டு மனை, தரிசு நிலம், விடுதி, உதவித்தொகை என்று கணக்குவழக்காகப் போகும் பேச்சு அது. பள்ளி நடத்துகிறவருக்கே தெரிந்த விஷயங்கள்.

அவருடைய அரசியலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1927-ல் காந்தி சிதம்பரம் வந்தபோது நந்தனார் மடத்துக்கு வந்தார். சகஜானந்தா காங்கிரஸோடும் இந்து மதத்தோடும் நின்றார். அதே ஆண்டுகளில் இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் தனித்தொகுதி கேட்டார். நான் சீனிவாசன் பக்கம்தான் நிற்பேன். ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுரையில் வைத்தியநாத ஐயர் போன்றவர்களின் முயற்சியில் அரிசனப் பிள்ளைகளுக்கு விடுதி நடந்தது. மேலூர் விடுதியில் கக்கன் காப்பாளராக இருந்தார். நல்ல காரியம், கக்கன் என்ற தலைவரே அந்த வழியாகத்தான் வந்தார். ஆனால், சேவை செய்கிறவர் ஒருவர், சேவை பெறுகிறவர் ஒருவர் என்ற ஏற்பாடு அது. ஓமக்குளத்தில் பொறுப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நம்மவர். ஆசிரியரை வைப்பதும், விடுதியில் யாரைச் சேர்ப்பது என்பதும் அவர் முடிவு. பள்ளி மாணவன் தினம் பார்க்கிற அதிகாரியின் முகம் தன் சித்தப்பா முகம் மாதிரி இருப்பதன் பலன் எந்த அறிக்கையிலும் வராது.

2023 மார்ச் பட்ஜெட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளிட்ட எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப் போவதாக அறிவிப்பு வந்தபோது, மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் எதிர்ப்பு எழுந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல். கள்ளர் பள்ளிகள் ஏறத்தாழ 300. இணைப்பதை ஆதரிப்பவர்கள் சொல்வது, பெயர்ப் பலகையிலேயே சாதி தெரிகிறதே என்று. அது உண்மையான வலி. ஆனால், துறையின் பெயர் மாறுவதால் ஊர்த்தெருப் பிள்ளை காலனிப் பள்ளிக்கு வந்துவிடுமா? 1919 ஆணை அதைத்தான் செய்யப் பார்த்தது. நிலம் யார் பெயரில் இருக்கும், தலைமையாசிரியர் பணியிடங்களுக்கு யார் வருவார்கள், விடுதியை யார் பார்ப்பார்கள் என்பதற்குப் பதில் சொல்லிவிட்டு இணைத்தால் பேசலாம். பொதுப் பள்ளிக்கான உரிமையையும் கேட்பது, கைக்கு வந்த பள்ளியையும் விடாதிருப்பது என்ற இரண்டையும் ஓமக்குளத்தில் ஒருவர் சேர்த்தே செய்திருக்கிறார்.

கடைசிப் பத்தாண்டில் அவர் கண் முன்னால் இன்னும் வேகமாக மாறியது. 1947-ல் ஆலய நுழைவுச் சட்டம். 1953-ல் ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, அடுத்த ஆண்டே காமராசரால் கைவிடப்பட்டது. பறையடிப்பவன் பிள்ளைக்கும் செருப்புத் தைப்பவன் பிள்ளைக்கும் அரைநாள் அப்பன் தொழில் என்றால் என்ன பொருள் என்று நம் மக்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. பசியோடு பாடம் ஏறாது என்பதை ஓமக்குளம் விடுதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1959 மே 1 அன்று சகஜானந்தா மறைந்தார். அப்போதும் சட்டமன்ற உறுப்பினர். சிதம்பரத்தில் அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக அரசு மேல்நிலைப் பள்ளிகள் இன்று நடக்கின்றன. ஜூன் மாதம் சேர்க்கை தொடங்கும்போது சுற்றுப்பட்டுக் காலனிகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இன்னும் அங்கே வருகிறார்கள்.