பணமே வேண்டாம், குடையும் தருகிறோம்: வ.உ.சி-யின் கப்பல் கம்பெனி விலைப் போரில் தோற்றது எப்படி?

கீழ்பென்னாத்தூரில் இருந்து கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு ஒரு அட்டைப்பெட்டி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மல்லாட்டை, இட்லிப் பொடி, ரெண்டு வேட்டி, ஒரு புடவை. கூரியர் கடைக்காரர் எடை போட்டு, என்னென்ன பொருள் என்று ஒரு படிவத்தில் எழுதச் சொல்லி, கடைசியில் ஒரு தொகை சொல்வார். பல நேரம் அந்தத் தொகை உள்ளே இருக்கும் பொருளின் விலையைவிட அதிகமாக இருக்கும். வேறு வழியில்லை என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

120 வருடத்துக்கு முன்னால் தூத்துக்குடி வியாபாரிகளுக்கும் இதே பிரச்சினைதான். இலங்கைக்குச் சரக்கு அனுப்ப வேண்டும். கப்பல் வைத்திருப்பது ஒரே கம்பெனி. அது சொல்வதுதான் கூலி. இந்த இடத்தில்தான் ஒரு வக்கீல் உள்ளே வருகிறார்.

அவரைக் கப்பலோட்டிய தமிழன் என்று எல்லோருக்கும் தெரியும். செக்கிழுத்தது தெரியும். சிவாஜி நடித்த படமும் தெரியும். அந்தக் கம்பெனி எப்படி நடந்தது, ஏன் மூடியது என்ற கணக்குதான் பாடப்புத்தகத்தில் ரெண்டு வரியில் முடிந்துவிடுகிறது.

ஒரே ராத்திரிப் பயணம், ஒரே முதலாளி

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். மகனும் வக்கீலாகி, 1900-ல் தூத்துக்குடிக்குத் தொழில் செய்ய வந்தார்.

அப்போது தூத்துக்குடி எப்படிப்பட்ட ஊர்? சென்னையில் இருந்து ரயில் அங்கே வந்து முடியும். இறங்கினால் கொழும்புக்கு நீராவிக் கப்பல். கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நடுக்கடலில்தான் நிற்கும். ஆளும் மூட்டையும் படகில் போய் ஏற வேண்டும். ஒரு ராத்திரி கழிந்தால் கொழும்பு. அரிசி, ஆடு மாடு, துணி என்று கலந்துகட்டிய சரக்கு அந்தப் பக்கம் போகும். கூடவே தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி ஆட்கள் ஆயிரக்கணக்கில் போவார்கள். இலங்கையும் பிரிட்டிஷ் ஆட்சியில்தான் இருந்தது. ஆனால் அது தனிக் காலனி, சுங்கமும் தனி. அதனால் இது நிஜமாகவே எல்லை தாண்டும் வியாபாரம்.

இந்தத் தடத்தை வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1856-ல் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள், பல கடல்களில் தடங்கள். தூத்துக்குடியில் ஒரு தடம் நஷ்டமானாலும் மற்ற தடங்கள் அதைத் தாங்கிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் முக்கியமாக வரும்.

1905-ல் வங்கப் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி அலை எழுந்தது. வ.உ.சி முதலில் கையில் எடுத்தது நெசவுச்சாலை, சுதேசிப் பண்டகசாலை போன்ற கரை வேலைகளைத்தான். உள்ளூர்ப் பொருளைச் செய்து விற்கலாம், சரி. அதைக் கடல் தாண்டி அனுப்ப மறுபடி வெள்ளைக்காரன் கப்பலுக்கே கூலி கட்டினால் எப்படி? கப்பல் யோசனை அங்கிருந்து வந்ததுதான்.

25 ரூபாய்க்கு ஒரு பங்கு

1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர்கள் மட்டுமே வாங்கலாம். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய் போட்டார். வ.உ.சி-க்கு உதவிச் செயலாளர் பதவிதான். ஆனால் ஓடியாடி வேலை பார்த்தது அவர்தான். இன்றைய பாஷையில் ஃபவுண்டர்.

முதலில் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் என்ற நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி அந்த நிறுவனத்துக்கு நெருக்கடி கொடுக்க, ஷா லைன் குத்தகையை ரத்து செய்தது. உடனே வ.உ.சி கொழும்புக்குப் போய் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். அடுத்தவர் கப்பலை நம்பினால் இப்படித்தான் என்று புரிந்துபோனது. பம்பாய் கிளம்பினார். கப்பலோடு வருவேன், இல்லையென்றால் கடலிலேயே விழுந்து சாவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனதாக வரலாறுகள் சொல்கின்றன. அப்போது அவருடைய மூத்த மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி கர்ப்பிணி.

1907-ல் எஸ்.எஸ். காலியா வந்தது, அடுத்து எஸ்.எஸ். லாவோ. ஒவ்வொன்றிலும் சுமார் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் ஏறும். தூத்துக்குடி கொண்டாடியது. வியாபாரிகள் சரக்கை இந்தப் பக்கம் திருப்பினார்கள்.

குடை வந்த கதை

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கொழும்புக்கு ஆளுக்கு 1 ரூபாய். சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு இறங்கியது. அடுத்து வெள்ளைக்காரக் கம்பெனி பணமே வேண்டாம் என்றது. கூடவே ஒரு குடையும் இலவசமாம்!

கேஷ்பேக்கும் முதல் ஆர்டர் இலவசமும் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதே இல்லை. பெரிய கம்பெனி கொஞ்ச காலம் நஷ்டத்தைத் தாங்கும், சின்ன கம்பெனி மூச்சு முட்டிச் சாகும், அப்புறம் விலை பழையபடி ஏறும். இன்றைய போட்டிச் சட்டத்தில் இது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தும் விலை நிர்ணயம். இந்தியாவில் 2002-ம் வருடச் சட்டம் இதைத் தடை செய்கிறது. 1907-ல் புகார் கொடுக்கப் போனால் அங்கே உட்கார்ந்திருந்தது யார் பக்கத்து அரசாங்கம் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியும் ஜனங்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். இலவசத்தை விட்டுவிட்டுக் காசு கொடுத்து ஏறினார்கள் என்பதுதான் இந்தக் கதையில் ஆச்சரியமான பகுதி. ஆனால் 8 அணா டிக்கெட்டில் கரி வாங்கி, மாலுமிக்குச் சம்பளம் கொடுத்து, கப்பலைப் பராமரிக்க முடியுமா? ஆதரவு பெருகப் பெருக நஷ்டமும் பெருகியது.

கம்பெனிக்குள்ளும் உரசல் வந்தது. வ.உ.சி-யின் அரசியல் வேகம் இயக்குநர்கள் பலருக்கு ஒத்துவரவில்லை. அவர்கள் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது, போட்ட பணம் அவர்களுடையது. அவரோ 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அந்த மில்லை நடத்திய ஹார்வி நிறுவனம்தான் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்குத் தூத்துக்குடி ஏஜென்ட். மில்லிலும் கப்பலிலும் எதிரே நின்றது ஒரே ஆள்தான்.

வேலைநிறுத்தம் ஜெயித்தது. சில நாளிலேயே, மார்ச் 12-ல், வ.உ.சி-யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் செக்கு, பிறகு கண்ணூர்.

கம்பெனியை இழுத்துப் பிடிக்க வெளியே ஆள் இல்லை. 1911-ல் அது கலைக்கப்பட்டது. காலியாவை வாங்கியது வேறு யாருமில்லை, அந்தப் போட்டிக் கம்பெனியேதான். அதே வருடம் ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷை மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்றார். சுதேசிக் கம்பெனிக்கு எதிராக ஆஷ் நடந்துகொண்டதும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது.

347 ரூபாய் 12 அணா

1912 டிசம்பர் 24-ல் விடுதலை. வாசலில் பெரிய கூட்டம் எதுவும் காத்திருக்கவில்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னைக்கு வந்து சின்னச் சின்ன வியாபாரம் பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. 4,000 மூட்டைக் கப்பலை ஓட்டியவர் வீட்டு அரிசிக்குத் தடுமாறினார்.

தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்தியர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதைக் கேட்டு வ.உ.சி 1915-ல் கடிதம் எழுதினார். பல கடிதங்களுக்குப் பிறகு 1916-ல் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. இந்தக் கடிதங்களைத் தேடி எடுத்துப் புத்தகமாக்கியவர் வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி.

பிறகு நீதிபதி வாலஸ் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தன் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. தன்னைச் சிறைக்கு அனுப்பிய அரசின் நீதிபதி பெயரை மகனுக்கு வைக்க ஒரு மனசு வேண்டும்.

அவர் சண்டை போட்ட கடல் தடமும் அப்படியே நிற்கவில்லை. 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் தொடங்க, ரயில் பயணிகள் அந்தப் பக்கம் போனார்கள். 1964 புயல் தனுஷ்கோடியையும் அழித்தது. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி வந்து, சில மாதங்களில் நின்றது.

வ.உ.சி 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார். அவர் எழுதிவைத்த உயிலில் கடன் பட்டியலும் இருந்தது. எண்ணெய்க் கடைக்கும் துணிக்கடைக்கும் தர வேண்டிய பாக்கிகள் அதில் இருந்தன.