சாலையோர மரமும் ஆல்பெர் காம்யுவும்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

நோபல் பரிசு பெற்ற இலக்கிய மேதை ஒருவரைப் பற்றி இயற்பியல் மாணவன் எழுதுவதா என்று நண்பர்கள் வினவலாம். அவருடைய பிறப்பு என்னை ஈர்த்தது. அவருடைய இறப்போ என் பாடத்தோடு தொடர்புடையது.

அன்று பிரான்சின் ஆட்சிக்குட்பட்டிருந்த அல்ஜீரியாவில், மொந்தோவி என்னும் சிற்றூரில், 1913 நவம்பர் 7ஆம் நாள் ஆல்பெர் காம்யு பிறந்தார். தந்தை திராட்சைத் தோட்டத் தொழிலாளி. முதல் உலகப் போருக்கு அழைக்கப்பட்ட அவர், 1914இல் காயமுற்று மாண்டார். குழந்தைக்கு அப்போது ஒரு வயதும் நிறையவில்லை. தாய்க்குக் காது மந்தம். எழுதப் படிக்கத் தெரியாது. அல்ஜியர்ஸ் நகரில் ஏழைகள் வாழும் பெல்கூர் பகுதியில், பிறர் வீடுகளில் வேலை செய்து இரு மைந்தர்களையும் வளர்த்தார். வீட்டு அதிகாரம் பாட்டியின் கையில்.

என் தாயாரும் கைநாட்டு வைப்பவர்தாம். மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தால் தாளை ஒருமுறை தடவிப் பார்த்து, குடும்ப அட்டையோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துவிடுவார். ஆகவே காம்யுவின் இளமையைப் படித்தபோது, அல்ஜீரியா எனக்குத் தொலைவான நாடாகத் தோன்றவில்லை.

தொடக்கப் பள்ளியோடு பேரனை வேலைக்கு அனுப்பிவிடப் பாட்டி எண்ணினார். லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர் குறுக்கே நின்றார். பாட்டியிடம் வாதாடி, மாணவனுக்குத் தனியே பாடம் சொல்லி, உதவித்தொகைத் தேர்வில் வெற்றி பெறச் செய்தார். அந்த ஒரு மனிதர் இல்லையேல் காம்யு என்ற பெயரை உலகம் அறிந்திருக்குமா? பதினேழு வயதில் எலும்புருக்கி நோய் பற்றியது. கால்பந்தாட்டத்தில் கோல் காப்பாளராக விளங்கியவர் ஆட்டத்தைத் துறந்தார். தத்துவத்தில் பட்டம் பெற்றும் அந்நோயின் காரணமாகப் பேராசிரியர் வேலைக்குரிய தேர்வை எழுத இயலவில்லை. பத்திரிகையாளரானார். ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்திருந்த நாளில், மறைவாக வெளிவந்த 'கொம்பா' ஏட்டில் எழுதினார். 1942இல் வெளியான அவரது நாவலை வெ. ஸ்ரீராம் 'அந்நியன்' என்று 1980இல் தமிழாக்கினார். 1957இல், நாற்பத்து நான்கு வயதில், நோபல் பரிசு கிட்டியது. பரிசேற்பு உரை அச்சானபோது அதைத் தம் பழைய ஆசிரியர் ஜெர்மேனுக்கே காணிக்கையாக்கினார்.

பரிசுப் பணத்தில் தென் பிரான்சின் லூர்மரென் என்னும் ஊரில் வீடு வாங்கினார். 1960ஆம் ஆண்டுப் புத்தாண்டை அங்கே கழித்துவிட்டுப் பாரிசுக்குத் திரும்ப இரயில் சீட்டும் எடுத்திருந்தார். மனைவியும் பிள்ளைகளும் இரயிலில் சென்றனர். பதிப்பாளர் குடும்பத்து நண்பர் மிஷேல் கலிமார் தம் ஃபேசல் வேகா காரில் வருமாறு அழைக்கவே, காம்யு அதில் ஏறினார். ஜனவரி 4ஆம் நாள் பிற்பகல், வில்பிளவின் என்ற ஊரருகே, வளைவில்லாத நேர்சாலையில் அக்கார் தடம் புரண்டு மரத்தில் மோதிச் சிதறியது. நம் பக்கத்துப் புளியமரம்போல் அங்கே நிழலுக்காகச் சாலையோரம் நடப்படும் பிளேன் மரம் அது. முன்னிருக்கையில் இருந்த காம்யு அந்த இடத்திலேயே உயிர் நீத்தார். ஓட்டிய கலிமார் சில நாட்களில் இறந்தார். பின்னிருக்கையில் இருந்த கலிமாரின் மனைவியும் மகளும் பிழைத்தனர்.

மரம் நகர்வதில்லை, அதுதான் கொடுமை. நின்றிருக்கும் வண்டியானால் சற்றேனும் பின்வாங்கும். சுவரானால் வண்டியின் முகப்பு முழுவதும் அடியைப் பங்கிட்டுக் கொள்ளும். மரமோ கோடரிபோல் ஓரிடத்தில் பிளந்து உள்ளே புகுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மரத்தில் மோதுவது, ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நன்கு வளர்ந்த தென்னையின் உச்சியிலிருந்து, விழுவதற்குச் சமம். இதை அறிய நாம் படிக்கும் இயக்கச் சமன்பாடு ஒன்றே போதும்.

உண்மையில் நிகழ்வன மூன்று மோதல்கள். முதலில் வண்டி மரத்தில் மோதி நசுங்குகிறது. நியூட்டனின் முதல் விதிப்படி உள்ளிருப்பவர் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே பாய்கிறார். தலை கண்ணாடியிலும், மார்பு ஸ்டீயரிங்கிலும், முழங்கால் முன்பலகையிலும் மோதுகின்றன. முழங்காலில் பட்ட அடி தொடையெலும்பு வழியே ஏறி இடுப்பு மூட்டை உடைப்பதுண்டு. உடல் நின்ற பின்னும் மூளை நிற்பதில்லை. மண்டையோட்டின் உட்சுவரில் அது மோதுகிறது. இதயத்தின் பெருந்தமனி கிழிவதும் அப்போதுதான். வெளியே கீறலின்றி உள்ளே இரத்தம் பெருகி இறப்பவர்கள் இப்படித்தான் இறக்கிறார்கள்.

இருக்கைப் பட்டை செய்வது என்ன? நசுங்கும் வண்டியோடு உடலைப் பிணைத்து, நிற்பதற்குச் சில அங்குலத் தூரம் கூடுதலாகத் தருகிறது. அடியை விலா, தோள், இடுப்பு என உறுதியான எலும்புகளின் மேல் பரப்புகிறது. தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிடிக்கும் மூன்றுமுனைப் பட்டையை ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். வோல்வோ கார்களில் அது 1959 ஆகஸ்டில் வந்தது. காம்யு இறந்ததோ ஐந்து மாதங்களுக்குள்! அன்று அவர் அணிந்திருக்கவில்லை. அக்கார் உருக்குலைந்த விதத்தைக் காணும்போது, பட்டை இருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பின்னிருக்கையே பாதுகாப்பு என்றும் யாரும் கொள்ள வேண்டா. 2022 செப்டம்பர் 4ஆம் நாள், மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தின் தடுப்புச் சுவரில் ஒரு கார் மோதியது. பின்னே பட்டையின்றி அமர்ந்திருந்த இருவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி. முன்னிருந்த இருவரோ படுகாயத்துடன் உயிர் தப்பினர். நம் ரிஷிவந்தியம் பக்கத்தில் முகூர்த்த நாளில் செல்லும் கார்களைப் பாருங்கள்! ஐவர் அமரும் வண்டியில் ஒன்பது பேர். பட்டைகள் இருக்கையின் இடுக்கில் புதைந்து கிடக்கும். சாலையோரம் புளியமரங்கள், இரவில் விளக்கின்றி நிற்கும் கரும்பு டிராக்டர்கள் வேறு. அபராதம் ஆயிரம் ரூபாய் என்பதை மட்டும் எல்லாரும் அறிவர்.

மீண்டும் வில்பிளவினுக்கு வருவோம். இறந்தவரின் சட்டைப் பையில் பயன்படுத்தாத இரயில் சீட்டு இருந்தது. அருகே சேற்றில் கிடந்த கைப்பையில் 144 பக்கக் கையெழுத்துப் படி. அது தம் இளமையைக் கருவாக்கி அவர் எழுதத் தொடங்கியிருந்த நாவல். அதைப் படிக்க இயலாத தாய்க்கே அதைக் காணிக்கையாகக் குறித்து வைத்திருந்தார். அந்தத் தாயும் அதே 1960இல் அல்ஜியர்சில் காலமானார். 'முதல் மனிதன்' என்று பொருள்படும் அந்நாவலைக் காம்யுவின் மகள் 1994இல் பதிப்பித்தார். எழுதிய இடத்திலேயே அது பாதியில் நிற்கிறது.