மண்ணிலிருந்து எழுந்த கல்விக்கூடம்

கடந்த தீபாவளியன்று எங்கள் வீட்டிற்கு வந்திருந்த பெரியம்மா, தம்பி இப்போது என்ன செய்கிறான் என்று என்னிடம் கேட்டார். எஸ்.பி.எம். தேர்வில் எதிர்பார்த்த தேர்ச்சி கிட்டாததால், தம்பி தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் வெல்டிங் பயின்று வந்தான். நானோ, காலேஜில் படிக்கிறான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்திப் பேச்சை மாற்றினேன். கதவருகில் நின்ற தம்பிக்கு அது கேட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் போனதுதான் என்னை வெகுநாள் உறுத்தியது.

அந்த உறுத்தலோடு இருந்த நாளில்தான், பல்கலைக்கழக நூலகத்தில் புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாறு என் கையில் கிடைத்தது. ஒரே வாரத்தில் படித்து முடித்தேன். அம்மாமனிதரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரின் வழி உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1856-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஒரு புகையிலைப் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர் புக்கர். தாயார் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி. தந்தை யாரென்று அவருக்குத் தெரியாது. தரையில் விரித்த கந்தல் துணியே படுக்கை. முதலாளியின் பிள்ளைகளுடைய புத்தகங்களைச் சுமந்துகொண்டு பள்ளி வாசல்வரை போவார். உள்ளே நுழைய அவருக்கு அனுமதியில்லை.

1865-இல் அடிமைத்தளை அறுந்தது. ஆனால், வறுமை அறுபடவில்லை. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் புக்கர் வளர்ப்புத் தந்தையோடு உப்புச் சூளையில் வேலை செய்தான். நாளின் முடிவில் மேற்பார்வையாளர், அவர்கள் நிரப்பிய பீப்பாய்களில் 18 என்ற எண்ணைக் குறித்துவிட்டுப் போவார். அச்சிறுவன் முதன்முதலில் படிக்கக் கற்றது அந்த எண்ணைத்தான். நாம் அகர வரிசையில் தொடங்கினோம். அவர் உப்புப் பீப்பாயில் தொடங்கினார்.

பின்னர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தபோது, இரண்டு தொழிலாளர்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. ஹாம்ப்டன் என்னும் ஊரில் கறுப்பின மாணவர்களுக்கு ஒரு பள்ளி இருக்கிறதாம். பணமில்லாதவர்கள் வேலை செய்தே படிக்கலாமாம். 1872-இல், 16 வயதில், ஏறத்தாழ 500 மைல் தொலைவிலுள்ள அப்பள்ளியை நோக்கிப் புறப்பட்டார். ரிச்மண்ட் நகரில் கைப்பணம் தீர்ந்தது. பலகை நடைபாதையின் அடியில் உறங்கினார். பகலில் கப்பலிலிருந்து இரும்பு இறக்கிக் காசு சேர்த்தார். ஹாம்ப்டனை அடைந்தபோது அவரிடம் இருந்தது 50 காசு.

அழுக்கு ஆடையோடு வந்து நின்ற அவரைச் சேர்த்துக்கொள்ளத் தலைமை ஆசிரியை தயங்கினார். பிறகு, ஒரு வகுப்பறையைக் கூட்டச் சொன்னார். புக்கர் மூன்று முறை கூட்டினார்; நான்கு முறை தூசு துடைத்தார். ஆசிரியை கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். தூசு ஒட்டவில்லை. அதுவே அவருடைய நுழைவுத் தேர்வு. பள்ளியைத் துப்புரவு செய்யும் வேலையைப் பார்த்துக்கொண்டே பயின்று, 1875-இல் தேர்ச்சி பெற்றார்.

1881-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் சிற்றூரில், கறுப்பின ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளி தொடங்க அவரை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் நிலமுமில்லை, கட்டடமுமில்லை. ஆசிரியர் சம்பளத்திற்கென்று மாநிலம் ஒதுக்கிய ஆண்டுக்கு 2,000 டாலர் மட்டுமே இருந்தது. ஜூலை 4-ஆம் நாள், ஒரு தேவாலயத்தை ஒட்டிய பாழடைந்த குடிசையில் 30 மாணவர்களோடு பாடம் தொடங்கியது. மழை பெய்தால் மாணவர் ஒருவர் எழுந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பார்.

கைவிடப்பட்ட ஒரு பண்ணையின் 100 ஏக்கர் நிலத்தை 500 டாலருக்கு விலை பேசினார். முதல் பாதிப் பணத்தை ஹாம்ப்டன் பள்ளியின் பொருளாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து கடனாகக் கொடுத்தார். காட்டை அழிக்க மாணவர்களை அழைத்தபோது அவர்கள் முகம் சுளித்தார்கள். படிக்க வந்தவர்களைக் கோடரி தூக்கச் சொல்வதா? பெற்றோரும் கடிதம் எழுதினார்கள். நேரில் வந்தும் முறையிட்டார்கள். அடிமைக் காலம் முழுதும் உடலுழைப்பில் நொந்தவர்கள், பிள்ளைகளாவது புத்தகத்தோடு மட்டும் வாழட்டும் என்று விரும்பினார்கள். இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தாவின் பேரன் மீண்டும் கையில் கருவியைத் தூக்குவதா என்றுதானே நாங்களும் கூசினோம்! வாஷிங்டன் வாதாடவில்லை. தாமே கோடரியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மாணவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

கட்டடத்திற்குச் செங்கல் வேண்டும். ஊரில் சூளை இல்லை. மாணவர்களோடு முழங்கால் அளவுச் சேற்றில் இறங்கினார். முதல் சூளை தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவது, வேகும் தறுவாயில் இடிந்து விழுந்தது. கையில் காசில்லை, விட்டுவிடும்படி ஆசிரியர்களே சொன்னார்கள். அவர் தம் கடிகாரத்தை எடுத்துச் சென்று மாண்ட்கோமரி நகரில் 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காவது சூளை வென்றது. அக்கடிகாரத்தை அவரால் மீட்கவே முடியவில்லை. அதற்காக அவர் வருந்தவுமில்லை.

அச்செங்கல்லைத் தேடி அக்கம்பக்கத்து வெள்ளையர்களும் வந்தார்கள். அவர்கள் பள்ளியின் மீது கொண்ட அன்பால் வரவில்லை. கல் நன்றாக இருந்ததால் வந்தார்கள். பகலில் வேலை செய்து கட்டணத்திற்குச் சேமித்து, இரவில் படிக்கும் இரவுப்பள்ளியும் 1884-இல் தொடங்கப்பட்டது. அதனால், ஒரு காசும் இல்லாத பிள்ளைக்கும் கதவு திறந்தது. 1915 நவம்பர் 14-இல், 59-ஆம் வயதில் வாஷிங்டன் மறைந்தபோது, டஸ்கீகியில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் சுமார் 1,500 மாணவர்களும் இருந்தனர். 38 தொழில்கள் கற்பிக்கப்பட்டன. கட்டடங்களில் பெரும்பாலானவை மாணவர்கள் தம் கையால் எழுப்பியவை.

அவரைப் பற்றி எழுதும்போது மறுபக்கத்தை மறைப்பது முறையாகாது. 1895-இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையில், சம உரிமைக்குப் போராடுவதைவிடத் தொழிலும் பொருளும் தேடுவதே முதல் வேலை என்னும் பொருளில் அவர் பேசினார். அதே காலத்தில் தென்மாநிலங்கள் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்துக்கொண்டிருந்தன. 1903-இல் அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் அவரைக் கடுமையாக விமர்சித்தார். உரிமையில்லாதவன் சேர்த்த பொருளுக்குப் பாதுகாப்பு ஏது, ஓர் இனத்திற்கு உயர்கல்வி கற்றவர்களும் வேண்டாமா என்பது அவர் கேள்வி. அக்கேள்வி நியாயமானதே. வாக்குரிமை வழக்குகளுக்கு வாஷிங்டன் இரகசியமாகப் பணம் கொடுத்து வந்த செய்தி, அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே பரவலாகத் தெரியவந்தது.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. பல்கலைக்கழகத்தில் அமர்ந்துகொண்டு, எல்லாருக்கும் கைத்தொழிலே போதும் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகளைப் பட்டப்படிப்புக்கும் என்று பிரித்துவிடுவதும் அநீதியே. ஆனால், கைத்தொழில் கற்கும் பிள்ளையைத் தோற்றவன் என்று எண்ணும் நம் எண்ணம் இருக்கிறதே, அது எந்தப் பக்கத்திலும் சேராது. டு போய்ஸ்கூட அதை ஏற்றிருக்கமாட்டார்.

தம்பி சென்ற விடுமுறையில் வீட்டுப் பின்கதவுக்கு இரும்புக் கிரில் ஒன்றைத் தானே செய்து பொருத்தினான். பற்றவைத்த இடங்களில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஹாம்ப்டன் ஆசிரியையின் கைக்குட்டை நினைவுக்கு வந்தது. எங்கும் கரடுமுரடு இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, ஒரு மூலை சற்றுக் கோணல் என்று காட்டினான்.

அடுத்த தீபாவளிக்கும் பெரியம்மா வருவார். அதே கேள்வியைக் கேட்பார். அவரைப் பின்கதவுக்கு அழைத்துப் போய், இது தம்பி செய்தது என்று சொல்லப் போகிறேன். தம்பி கேட்கும்படியாகவே சொல்லப் போகிறேன்.