தலை வடிவத்தின் ரகசியம் சொன்ன டாக்டர்!

ஸ்கூல் பயாலஜியில் செல் பாடத்தில் வருவாரே, ருடால்ஃப் விர்ச்சோவ்... பச்சிளம் குழந்தைகளின் தலைக்கும் அவர் ஒரு விதி எழுதியிருக்கிறார்!

1821-ல் பிறந்த ஜெர்மானியர். 1848-ல் சைலீசியாவில் டைஃபஸ் பரவியபோது, வறுமைதான் காரணம்னு அரசாங்கத்தையே குறை சொன்னார். அந்த வருஷப் புரட்சியிலும் குதித்தார். பெர்லின் வேலை ஆட்டம் கண்டது. 1849-ல் வூர்ஸ்பர்க் போனார். 1851-ல் அந்த விதியைச் சொன்னார்.

மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே தையல் போட்ட மாதிரி இணைப்புகள் இருக்கும். ஒண்ணு சீக்கிரமே மூடிக்கிட்டா, அதுக்குக் குறுக்குவாட்டில் தலை வளராது, நீளவாக்கில் வளரும். உச்சி நடுக்கோடு மூடினால், தலை படகு மாதிரி நீளும்.

இன்னிக்கும் தலை வடிவத்தை வெச்சே, மூடின இணைப்பு எதுன்னு டாக்டர்கள் கணிக்க இதுதான் அடிப்படை. பெரும்பாலும் ஒரு வயசுக்குள் ஆபரேஷன் செய்து, மூளை வளர இடம் கொடுக்கிறார்கள். அதனால, குழந்தையின் தலை வித்தியாசமா வளர்ந்தா 'போகப்போகச் சரியாகிடும்'னு விடாம டாக்டரிடம் காட்டுங்க.

1902-ல் விர்ச்சோவ் மறைந்தார். விதி வாழ்கிறது!