மன்னரைச் சட்டத்தால் கட்டியவர்: ஆர்ச்சிபால்ட் ஜான்ஸ்டன்

நாட்டை ஆளும் மன்னர் சட்டத்திற்கு மேலானவரா, கீழானவரா? இன்று இந்தக் கேள்விக்குப் பள்ளி மாணவர்கூட பதில் சொல்லிவிடுவார். ஆனால், 17ஆம் நூற்றாண்டில் இதற்குப் பதில் சொல்ல முன்வந்தவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தின் ஆர்ச்சிபால்ட் ஜான்ஸ்டன். வழக்கறிஞர், நீதிபதி, அரசியல்வாதி, திருச்சபைச் சட்டத்தில் கரைகண்டவர் எனப் பல முகங்கள் கொண்ட அவரை வரலாறு வாரிஸ்டன் பிரபு என்று அழைக்கிறது.

துயரத்தில் தொடங்கிய இளமை

1611ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் ஒரு வணிகர் குடும்பத்தில் ஜான்ஸ்டன் பிறந்தார். அவருடைய தாய்வழித் தாத்தா சர் தாமஸ் கிரெய்க், ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற சட்ட அறிஞர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்த ஜான்ஸ்டன், 1633இல் வழக்கறிஞரானார். அதே ஆண்டில், மணமாகி ஓராண்டுகூட நிறையாத நிலையில், அவருடைய இளம் மனைவி இறந்துபோனார். அந்தத் துயரம் அவரை உலுக்கியது. மணிக்கணக்கில் ஜெபம் செய்தார். தம் மனப் போராட்டங்களையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த ஆண்டு ஹெலன் ஹே என்பவரை மணந்தார். ஆயினும், நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

ஒரு ஜெபப் புத்தகம் மூட்டிய தீ

ஸ்காட்லாந்து மக்களில் பெரும்பாலோர், போதகர்களும் மூப்பர்களும் கூடிப் பேசி முடிவெடுக்கும் பிரஸ்பிட்டேரியன் முறையை விரும்பினர். மன்னர் முதலாம் சார்ல்ஸோ, தாம் நியமிக்கும் பிஷப்புகள் வழியாகத் திருச்சபையை ஆள நினைத்தார். 1637இல் நாடாளுமன்றத்தையும் கேட்காமல், திருச்சபையின் பொதுப் பேரவையையும் கேட்காமல், புதிய ஜெபப் புத்தகம் ஒன்றைத் திணித்தார். ஜூலை 23ஆம் தேதி எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் அது வாசிக்கப்பட்டபோது கலவரம் வெடித்தது.

மக்களின் கோபத்துக்குச் சட்ட வடிவம் கொடுக்கும் பொறுப்பு 26 வயது ஜான்ஸ்டனிடம் வந்தது. போதகர் அலெக்சாண்டர் ஹெண்டர்சனுடன் சேர்ந்து தேசிய உடன்படிக்கையை அவர் எழுதினார். அதில் வசைமொழி இல்லை. நாடாளுமன்றம் முன்பே இயற்றிய சட்டங்களை அவர் வரிசையாக அடுக்கிக் காட்டினார். இந்தச் சட்டங்கள் மன்னரையும் கட்டுப்படுத்தும் என்பதே அந்தப் பட்டியலின் உட்பொருள். 1638 பிப்ரவரி 28ஆம் தேதி கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தில் ஜான்ஸ்டன் அதை உரக்கப் படிக்க, பிரபுக்கள் கையெழுத்திட்டனர். பிறகு அதன் படிகள் ஊர் ஊராகச் சென்றன.

பழைய ஏடுகளின் பலம்

அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோவில் பொதுப் பேரவை கூடியது. பேரவையின் எழுத்தராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜான்ஸ்டன், தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட பழைய பேரவைப் பதிவேடுகளைக் கொண்டுவந்து அனைவர் முன்னும் வைத்தார். அவற்றைச் சான்றாகக் கொண்டு, 1606 முதல் 1618 வரை மன்னரின் விருப்பப்படி நடந்த ஆறு பேரவைகள் செல்லாது என்று முடிவானது. மன்னரின் பிரதிநிதி பேரவையைக் கலைத்துவிட்டு வெளியேறினார். இருந்தும், பேரவை தொடர்ந்து நடந்து பிஷப் பதவியையே ஒழித்தது.

விளைவு போர். இருமுறை படை திரட்டியும் வெல்ல முடியாத மன்னர், 1641இல் எடின்பரோவுக்கு வந்து, தம்மை எதிர்த்த அதே வழக்கறிஞருக்கு சர் பட்டமும் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியும் வழங்கினார். 1646இல் ஜான்ஸ்டன் அரசின் தலைமை வழக்கறிஞரானார்.

கண்டிப்பே வினையானது

அதிகாரம் கைக்கு வந்ததும் ஜான்ஸ்டனின் கண்டிப்பு கூடியது. சிறையிலிருந்த மன்னருடன் சமரசம் செய்துகொண்ட ஸ்காட்லாந்துக்காரர்களை அரசுப் பதவிகளிலிருந்து விலக்கும் சட்டம் 1649இல் வந்தது. அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மறு ஆண்டு ஆலிவர் கிராம்வெல்லின் ஆங்கிலப் படை ஸ்காட்லாந்துக்குள் நுழைந்தது. அந்த நெருக்கடியிலும், கொள்கைத் தூய்மை போதாது என்று சொல்லி ஆயிரக்கணக்கான வீரர்களும் அதிகாரிகளும் ஸ்காட்லாந்துப் படையிலிருந்து நீக்கப்பட்டனர். 1650 செப்டம்பர் 3ஆம் தேதி டன்பாரில் அந்தப் படை, தன்னைவிடச் சிறிய படையிடம் படுதோல்வி கண்டது. பழியில் ஒரு பங்கு ஜான்ஸ்டன் மீதும் விழுந்தது.

நாடு கிராம்வெல் வசமானது. பதவி போய், பெரிய குடும்பமும் கடனுமாகத் தவித்த ஜான்ஸ்டன், பல ஆண்டுகள் ஒதுங்கியிருந்தார். கடைசியில் 1657இல் அதே கிராம்வெல்லிடம் பதவி ஏற்றுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் சமரசத்தைக் கண்டித்தவர் செய்துகொண்ட அந்த ஒரு சமரசம் அவர் உயிருக்கே உலை வைத்தது.

நினைவிழந்த இறுதி நாட்கள்

1660இல் இரண்டாம் சார்ல்ஸ் அரியணை ஏறியதும் ஜான்ஸ்டன் ஐரோப்பாவுக்குத் தப்பி ஓடினார். அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1640க்குப் பிறகு நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அனைத்தும் செல்லாது என்று 1661இல் அறிவிக்கப்பட்டது. ஒருகாலத்தில் மன்னரின் பேரவைகளை அவர் செல்லாததாக்கிய அதே வழியில், அவருடைய சாதனைகளும் துடைத்தெறியப்பட்டன.

1663இல் பிரான்சின் ரூவான் நகரில் பிடிபட்டு, எடின்பரோவுக்குக் கொண்டுவரப்பட்டார். நூற்றுக்கணக்கான சட்டங்களை மனத்தில் வைத்திருந்தவர், உடல் நலிந்து, பெற்ற பிள்ளைகளைக்கூட அடையாளம் காண முடியாத நிலையில் நாடாளுமன்றத்தின் முன் நின்றார். ஜூலை 22ஆம் தேதி தூக்கு மேடையில், கையிலிருந்த தாளைப் பார்த்தே தம் கடைசி உரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 52.

அவருடைய கதை அங்கே முடியவில்லை. 1690இல் பிரஸ்பிட்டேரியன் முறை சட்டப்படி திரும்பி வந்தது. ஸ்காட்லாந்தின் திருச்சபை இன்றும் பிஷப்புகள் இல்லாமலேயே இயங்குகிறது. அவருடைய மகன் ஜேம்ஸ் ஜான்ஸ்டன் 1692இல் ஸ்காட்லாந்தின் அரசுச் செயலாளரானார். செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு எதிரே உள்ள ஒரு சந்து இன்றும் வாரிஸ்டன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆள்பவரும் சட்டத்திற்கு உட்பட்டவரே என்று வாதாடிய துணிவுக்காக ஜான்ஸ்டனை நாம் மதிக்கலாம். அந்தச் சட்டம் தம் கைக்கு வந்தபோது, மாற்றுக் கருத்துக்கு அவர் இடம் தரவில்லை என்பதையும் மறக்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்ததே அவர் வாழ்க்கை.